மெல்லோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

ஓட்டப் பயிற்சி பற்றி வாசகர்கள் அனுப்பும் கடிதங்களில், வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று கேட்பவையே முன்பெல்லாம் மிகுதியாக இருந்தன. இப்போது வேறு வகைக் கடிதங்கள் வருகின்றன. மெதுவாக ஓடுவது தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றும், ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது என்றும் பலர் எழுதுகிறார்கள். அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் மெல்லோட்டத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 47 வயது. ஓராண்டாகக் காலையில் ஓடிவருகிறேன். 5 கிலோமீட்டரை முடிக்க 42 நிமிடங்கள் ஆகின்றன. அண்மையில் உறவினர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “இதற்குப் பெயர் ஓட்டமா? வேகமாக நடந்தாலே போய்ச் சேர்ந்துவிடலாமே” என்றார். அன்று முதல் ஓடும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. நான் செய்வது ஓட்டம்தானா?

பதில்: ஐயமே வேண்டாம், ஓட்டம்தான். நடையையும் ஓட்டத்தையும் பிரிப்பது வேகம் அல்ல, பாதங்கள் தரையோடு கொள்ளும் தொடர்பு. நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்கு மாறும் கணத்தில் இரண்டுமே தரையில் இருக்கும். ஓடும்போது அதே கணத்தில் இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழுந்துவிட, உடல் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி நேரம் காற்றில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் நடைப்போட்டி என்று தனியாக ஒன்று இருப்பதே இந்த வேறுபாட்டினால்தான். உலகத் தரத்து நடைவீரர்கள் 20 கிலோமீட்டரை 80 நிமிடங்களுக்குள் கடந்துவிடுகிறார்கள். மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வேகத்தை நம்மில் பெரும்பாலோரால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. ஆனாலும் அவர்கள் செய்வது நடைதான். பாதம் தரையை விட்டு எழுவது நடுவரின் கண்ணுக்குத் தெரிந்தால் எச்சரிக்கப்படுவார்கள். அவ்வளவு வேகமான ஒன்று நடையாக இருக்க முடியுமானால், உங்கள் நிதானமான காலடிகள் ஓட்டமாக இருப்பதில் வியப்பு எதுவும் இல்லை.

உங்கள் வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வருகிறது. டிரெட்மில்லில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், பெரும்பாலோர் இந்த வேகத்தை ஒட்டித்தான் யாரும் சொல்லாமலே நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகிறார்கள். ஏனென்றால் அதற்கு மேல் நடப்பது கால்களுக்குப் பெருஞ்சிரமமாகிவிடுகிறது. எனவே “வேகமாக நடந்தாலே போய்ச் சேரலாம்” என்பது சொல்வதற்கு எளிது. அந்த வேகத்தில் 42 நிமிடங்கள் நிற்காமல் நடப்பது, பழகாதவர்களுக்கு ஓடுவதைவிடக் கடினம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது கடைசி வரிகள்தான். ஓராண்டுக் காலம் உங்களை விடியலில் எழுப்பி வெளியே அனுப்பிய மகிழ்ச்சி, ஒரே பேச்சில் ஆட்டம் கண்டிருக்கிறது. ஓட்டத்தில் சேர்பவர்களில் பலர் சில மாதங்களுக்குள் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடவில்லை. உங்களை விடாமல் வைத்திருந்தது உங்களுக்குப் பொருந்திய வேகம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அதை ஒருவருடைய அபிப்பிராயத்துக்காக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: “எளிதாக ஓடுங்கள்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எளிது என்பதை எப்படி அறிவது? என் கடிகாரம் நான் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் இதயத்துடிப்பு அதிகம் என்றே எச்சரிக்கிறது.

பதில்: கடிகாரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பேசிப் பாருங்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியங்களை இடையில் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடிந்தால் அது உங்களுக்கு எளிதான வேகம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது. பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் நெடுங்காலமாக நம்பிவரும் சோதனை இது. ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோவாக்கி தனாக்கா, புன்னகை மாறாமல் ஓடக்கூடிய வேகம் என்று இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார். அவர் பரப்பிய மெல்லோட்டத்தில் சிலர் மணிக்கு 4, 5 கிலோமீட்டரில்கூட ஓடுகிறார்கள். நடந்து போகிறவர் அவர்களைக் கடந்து போகக்கூடும். ஆனால் கால்கள் குறுகிய, விரைவான, மென்மையான அடிகளாகத் தரையைத் தொட்டு எழுகின்றன.

அந்தச் சிறு அடிதான் மெதுவாக ஓடுவதன் நுட்பம். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் பலர் அதே நீளமான அடியை மந்தமாக எடுத்து வைக்கிறார்கள். பாதம் உடலுக்கு முன்னால் வெகுதூரம் போய்க் குதிகாலில் இடித்து விழுகிறது. ஒவ்வோர் அடியும் தடை போட்டது போலாகி முழங்காலுக்குச் சுமை ஏறுகிறது. அடியைச் சுருக்குங்கள். பாதம் இடுப்புக்கு நேர் கீழே இறங்கட்டும். உங்கள் காலடி ஓசை உங்களுக்கே உரக்கக் கேட்டால் அடி இன்னும் நீளமாக இருக்கிறது என்று பொருள். தோள்களைத் தளர்த்தி, கைகளை முட்டியாக இறுக்காமல் வைத்துக்கொண்டால் மூச்சும் தானாகத் தணியும்.

கடிகாரத்தைப் பற்றி: 220இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணையே பல கருவிகள் உங்கள் உச்சத் துடிப்பாக எடுத்துக்கொள்கின்றன. அது பலருடைய சராசரி. தனி ஒருவருக்குப் பத்துப் பதினைந்து துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவிகள் சில வேளைகளில் காலடி எண்ணிக்கையையே துடிப்பென்று காட்டிவிடுவதும் உண்டு. வெயில், தூக்கமின்மை, மனக்கவலை ஆகிய ஒவ்வொன்றும் துடிப்பைக் கூட்டும். ஆகவே நேற்று எளிதாக இருந்த வேகம் இன்று எளிதாக இல்லையென்றால் இன்றைய உடலுக்கு ஏற்ப ஓடுங்கள்.

கேள்வி: ஓடத் தொடங்கியதுமே கால்கள் கனக்கின்றன, மூச்சு முட்டுகிறது. இதில் மற்றவர்கள் என்ன இன்பம் காண்கிறார்கள் என்றே புரியவில்லை. எனக்கும் அந்த இன்பம் வாய்க்குமா?

பதில்: வாய்க்கும். நீங்கள் ஓட்டத்தின் மிகக் கடினமான பகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அசையாமல் இருந்த உடல் ஓடத் தொடங்கும்போது தசைகளின் ஆக்சிஜன் தேவை உடனே ஏறிவிடுகிறது; இதயமும் நுரையீரலும் அதை எட்டிப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில்தான் கெண்டைக்கால் இறுகுகிறது, மூச்சு ஒழுங்கில்லாமல் வருகிறது, ‘இன்று வேண்டாம்’ என்ற எண்ணம் எழுகிறது. பல ஆண்டுகளாக ஓடுகிறவர்களுக்கும் முதல் பத்து நிமிடங்கள் அப்படித்தான் இருக்கின்றன. தொடக்கத்தில் வேகமாகக் கிளம்புகிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் களைத்துப்போய், ஓட்டம் முழுவதுமே இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கிளம்பிப் பாருங்கள். ஐந்து நிமிடம் நடங்கள். பிறகு நடையைவிட ஒரு மாற்றுக் கூடுதலாக மட்டும் ஓடுங்கள். ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் கழிந்த பின், நீங்கள் எதுவும் செய்யாமலே மூச்சு காலடிகளோடு இணைந்துகொள்ளும். மூன்று அடிக்கு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே என்றோ வேறு ஏதோ ஒரு தாளத்திலோ அது அமைந்துவிடும். கால்கள் சூடேறி இலேசாகும். அதன் பிறகு ஓட்டத்தைப் பற்றிய நினைப்பே குறைந்து, சுற்றியிருப்பவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வேகமாக ஓடுகிறவரின் கவனம் முழுவதையும் மூச்சும் வலியும் எடுத்துக்கொள்கின்றன. மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் பார்ப்பதற்கு மனம் மிஞ்சுகிறது: வெளிச்சம் மாறுவது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது, ஒரு தெரு திரும்பியதும் ஓசைகள் அடங்குவது. எனக்கு ஓட்டத்தில் மிகப் பிடித்த பொழுது இதுதான்.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. மிதமான தீவிரத்தில் ஓடும்போது, அமைதியையும் இதத்தையும் தரும் எண்டோகன்னபினாய்டு என்னும் பொருள்கள் இரத்தத்தில் கூடுவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். மிக மெதுவாக நடக்கும்போதும் அந்த ஏற்றம் தெரியவில்லை. உச்ச வேகத்தில் ஓடும்போதும் தெரியவில்லை. மிதமான உழைப்பு என்பது அவரவர் உடலைப் பொறுத்தது. மற்றவருக்கு உலாவாக இருப்பது உங்களுக்கு அந்த அளவாக இருக்கலாம். பாடல் கேட்டுக்கொண்டே ஓடலாமா என்றும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் வண்டிகள் வரும் சாலையில் வேண்டாம். வேகமான தாளம் உங்கள் கால்களையும் வேகப்படுத்திவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மெதுவாக ஓடச் சொல்வது சோம்பலை ஊக்குவிப்பதாகும். உடலை வருத்தாமல் முன்னேற்றம் வராது. நீங்கள் ஏன் வாசகர்களைத் தவறான வழியில் விடுகிறீர்கள்?

பதில்: உங்கள் கடுமைக்குப் பின்னால் அக்கறை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் உங்கள் கருத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார்கள். நெடுந்தூர விளையாட்டு வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த உடலியல் அறிஞர் ஸ்டீபன் சைலர், அவர்களது பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிய தீவிரத்தில் நடப்பதைக் கண்டார். மீதியைத்தான் கடுமைக்கு ஒதுக்குகிறார்கள். 2022இல் பெர்லினில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் முடித்தார். ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 நொடி. ஆனால் அவரும் அவருடைய தோழர்களும் எளிய நாள்களில் ஓடுவது இதைவிட வெகு மெதுவாக. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்நெல்லைக்கூட நீண்ட தூரம் நிதானமாக ஓடி அடித்தளம் போட வைத்தார். ஸ்நெல் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

எளிய ஓட்டத்தில் உடல் சும்மா இருப்பதில்லை. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா மிகுகின்றன. கொழுப்பை எரிபொருளாகக் கொள்ளும் திறன் வளர்கிறது. தசைநாண்களும் எலும்பும் இதயத்தைவிட மெதுவாகவே வலுப்பெறுகின்றன என்பதும் முக்கியம். மூச்சு தேறிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டியவர்கள் காயப்பட்டு உட்காருவது பெரும்பாலும் இதனால்தான்.

பந்தயத்தில் நேரத்தைக் குறைக்க விரும்புகிறவருக்கு வேகப் பயிற்சி கட்டாயம் தேவை. அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் இங்கே எழுதுகிறவர்களில் பலர் அதைக் கேட்கவில்லை. அவர்கள் ஓட வேண்டும், நாளையும் ஓட வேண்டும் என்று மட்டுமே விரும்புகிறார்கள். அதற்குப் பெயர் சோம்பல் இல்லை.

கேள்வி: இவ்வளவு மெதுவாக ஓடினால் உடல்நலத்துக்கு ஏதாவது பயன் உண்டா? எடை குறையுமா?

பதில்: 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 55,000க்கும் மேற்பட்டோரைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. நாளுக்கு 5 முதல் 10 நிமிடம், அதுவும் மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் ஓடியவர்களிடம்கூட, ஓடாதவர்களைவிட இதயநோய் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. இத்தகைய ஆய்வு ஓட்டம்தான் முழுக் காரணம் என்று நிறுவிவிடாது. ஓடுகிறவர்கள் மற்ற வகைகளிலும் உடலைப் பேணுகிறவர்களாக இருக்கலாம். ஆயினும் சிறிதளவு ஓட்டம் வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

எடையைப் பொறுத்தவரை, ஒரு கிலோமீட்டர் ஓட உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. வேகம் இதைப் பெரிதாக மாற்றுவதில்லை. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடினாலும் 42 நிமிடத்தில் ஓடினாலும் செலவு ஏறத்தாழ 300 கிலோகலோரிதான். எடை குறைவது உணவையும் சேர்த்தே அமையும் என்பதால், ஓட்டத்தை அதற்கான தண்டனையாக மட்டும் ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இடையில் நடந்தால் ஓட்டம் கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே, களைப்பதற்கு முன்பே திட்டமிட்டு நடப்பதையும் ஓடுவதையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையைப் பல்லாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தார். ‘களைப்பதற்கு முன்பே’ என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

கேள்வி: முழங்கால் தேய்ந்துவிடும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.

பதில்: 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதத்தினரிடமும், ஓடாதவர்களில் 10.2 சதவீதத்தினரிடமும், போட்டித் தரத்தில் ஓடுகிறவர்களில் 13.3 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. அளவோடு ஓடுகிறவர்கள் அஞ்சத் தேவையில்லை. ஏற்கெனவே மூட்டு நோய் இருந்தாலோ, ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே மறுபடி ஓட வேண்டும்.

கேள்வி: நண்பர்களோடு ஓடப் போகிறேன். அவர்கள் வேகமானவர்கள். ஈடுகொடுக்க முயன்று ஒவ்வொரு முறையும் நொந்துபோய்த் திரும்புகிறேன். தனியே ஓடுவதே நல்லதா?

பதில்: அவர்களிடம் ஒருமுறை மனம் விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர்களும் எளிய நாள்கள் ஓட வேண்டியவர்கள்தான். அந்த நாளை உங்கள் வேகத்துக்கு ஒதுக்கினால் இருவருக்கும் பயன். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அறுபதுகளின் தொடக்கத்தில் லிடியார்டைக் காண நியூசிலாந்து சென்றபோது, ஆக்லாந்தில் அவருடைய மெல்லோட்டக் குழுவோடு ஓடினார். ஐம்பது வயதை ஒட்டியிருந்த அவர் வெகு சீக்கிரமே பின்தங்கினார். இதயநோயிலிருந்து மீண்ட, எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர் குழுவை விட்டுப் பின்வாங்கி, பேச்சுக்கொடுத்தபடியே அவருடன் கடைசிவரை வந்தார். ஊர் திரும்பிய பவர்மேன் சாதாரண மக்களுக்கு மெல்லோட்ட வகுப்புகள் தொடங்கினார். அமெரிக்காவில் அந்தப் பழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. உங்கள் குழுவில் அப்படி ஒருவர் கூடவா இல்லை? உண்மையிலேயே இல்லையென்றால், அவர்களோடு கிளம்பி, முதல் திருப்பத்திலேயே விடைபெற்று உங்கள் போக்கில் ஓடி, முடிவில் மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். ஓட்டத்துக்குப் பிந்திய பேச்சுக்கு வேகம் தேவையில்லை.

ஓட்டத்தைப் பதிவுசெய்யும் செயலிகளிலும் இதே சிக்கல் உண்டு. நாலு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் கால்கள் தாமாகவே வேகமெடுக்கும். உங்கள் பதிவுகளை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி வைத்துக்கொண்டால் அந்த உந்துதல் வெகுவாகக் குறையும்.

கேள்வி: 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. ஆனால் கடைசியாக வந்துவிடுவேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கி, இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கும் பார்க்ரன் என்னும் 5 கிலோமீட்டர் ஓட்டத்தில், எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். அதனால் பங்கேற்பவர் யாரும் கடைசியாக வருவதில்லை. 2024இல் அவர்கள் தங்கள் இணையதளத்திலிருந்து வேகச் சாதனைப் பட்டியல்களையும் நீக்கினார்கள். புதியவர்களை அச்சுறுத்த வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். பஞ்சாபில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த ஓட்டக்காரர் ஃபௌஜா சிங் 2011இல் டொரொன்டோ மாரத்தானை 8 மணி 11 நிமிடத்தில் முடித்தபோது, நூறு வயதுக்காரர் என்று உலகம் முழுவதும் கொண்டாடியது; பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்கவில்லை, ஓடிய தூரம் அதனால் குறையவும் இல்லை.

கூச்சம் ஒருபுறம் இருக்க, நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது கால வரம்பை. 10 கிலோமீட்டருக்கு 90 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் கிடைக்கிறது; பயிற்சியில் எட்டரை நிமிடத்துக்குள் சிரமமின்றி ஓட முடிந்தால் தயங்காமல் பெயர் கொடுங்கள். சென்ற ஆண்டு முடிவுகள் வெளியாகியிருந்தால் அதில் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நேரத்தை ஒட்டிப் பலர் இருப்பது தெரியும். அன்று காலை, தொடங்கும் இடத்தில் பின்வரிசையில் நில்லுங்கள். முன்னால் நின்றால் கூட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். முதல் இரண்டு கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைக் கடந்து போவார்கள், போகட்டும். ஆறாவது ஏழாவது கிலோமீட்டரில் அவர்களில் சிலர் இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருப்பார்கள். அப்போது உங்களுக்குப் பேச மூச்சு இருக்கும். கடந்து போகும்போது அவர்களிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.